‘அடுக்கு’ கருவியும் ஆர்கியுமென்ட் பிழைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுக்கு என்ன செய்கிறது? இந்தப் பக்கம் யாருக்கு?

நீலகிரியில் பல தேயிலைத் தோட்டங்களில் தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறார்கள். பழைய நோட்டுகள் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போவதற்குள் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்துவிடலாம் என்று கோத்தகிரியில் நாங்கள் நான்கு பேர் ஆரம்பித்தோம். மெமரி கார்டில் இருக்கும் படங்களை ஊர், வருடம், மாதம் என்று பிரித்து ஃபோல்டர்களில் வைத்து, நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்து, சொன்னால் கார்டிலிருந்து அழிக்கவும் செய்கிற சின்ன கமாண்ட் லைன் நிரல்தான் அடுக்கு. சி மொழியில் எழுதியது, லினக்ஸில் ஓடுவது, கட்டளைக்குப் பின் நாம் தட்டும் ஒவ்வொரு சொல்லும் ஓர் ஆர்கியுமென்ட், அவற்றில் ஹைஃபனில் தொடங்கி என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவை ஆப்ஷன்கள், அவற்றின் பெயர்கள் தமிழில்.

அதைப் பயன்படுத்துகிறவர்களும், பிழை திருத்த உதவ வருகிற கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பெரும்பாலும் எல்லாமே நாம் டைப் செய்வதை நிரல் எப்படிப் புரிந்துகொள்கிறது என்ற இடத்தில்தான் வந்து நிற்கின்றன. நகலெடுக்கும் பகுதியும் அழிக்கும் பகுதியும் சொன்னதைச் செய்தன, சொன்னதைக் காதில் வாங்கிய விதம்தான் கோணல். கணக்குப் போடும் நிரலில் இப்படி நடந்தால் திருத்திவிட்டு மறுபடி ஓட்டலாம். அழிந்த படம் திரும்பி வராது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

‘--மாதம் 08’ என்று கொடுத்தால் கார்டில் இருந்த எல்லா மாதத்தையும் எடுத்துக்கொண்டதே?

எங்களுக்கு விழுந்த பெரிய அடி இது. ஜனவரியிலிருந்து ஜூலை வரை 01, 02 என்று வரிசையாகக் கொடுத்து ஏழு மாதம் அடுக்கியாயிற்று, ஒரு குறையும் இல்லை. அடுத்து ஆகஸ்ட். அதுவும் 2019 ஆகஸ்ட், அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய மாதம், அந்தப் பக்கங்களைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ‘--மாதம் 08 --அழி’ என்று தட்டினேன். மிச்சமிருந்த ஐந்து மாதப் படங்களும் ‘00’ என்ற புது ஃபோல்டருக்குள் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன, கார்டு காலி. கார்டில் மாதத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டுத்தான் படம் எடுப்போம், கேமரா கொடுக்கும் கோப்புப் பெயரோ வெறும் எண், ஆகவே ஃபோல்டர் கலைந்ததும் எந்தப் பக்கம் எந்த மாதம் என்பதும் கலைந்தது. பக்கத்தின் மேல் மூலையில் இருக்கும் தேதியைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, திரும்பப் பிரிக்க இரண்டு ராத்திரி ஆனது.

காரணம் ஒரே ஒரு எண். எழுத்தை எண்ணாக மாற்ற சி மொழியில் ஸ்டர்டோல் என்ற ஃபங்ஷன் உண்டு. அதற்கு அடிமானம் (எத்தனை இலக்கங்களை வைத்து எண்ணுவது என்பது, நாம் வழக்கமாக எண்ணுவது 10) 0 என்று கொடுத்தால், ‘எண் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்து நீயே முடிவு செய்துகொள்’ என்று அர்த்தம். சைபரில் தொடங்கினால் அதை எட்டடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும். 01 முதல் 07 வரை எட்டடிமானத்திலும் அதே மதிப்புதான், அதனால் ஏழு மாதமும் பிழை மறைந்தே இருந்தது. எட்டடிமானத்தில் 8 என்ற இலக்கமே கிடையாது. ஆகவே 08-இல் முதல் சைபரைப் படித்து, 8-இல் நின்று, 0 என்று திருப்பிக் கொடுத்தது. எங்கே நின்றேன் என்பதையும் அது சொல்லத்தான் செய்கிறது, நாங்கள் கேட்டுப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, நிரலுக்குள் 0 என்றால் ‘எல்லா மாதமும்’ என்று நானே வைத்திருந்தேன்.

திருத்தியது இப்படி: அடிமானம் 10 என்று வெளிப்படையாகக் கொடுத்தோம். மாற்றும் முன், சி மொழி பிழை எண்ணை வைக்கும் எர்நோவை 0 ஆக்கி, மாற்றியபின் அதில் வரம்பு மீறிய பிழை வந்திருக்கிறதா என்று பார்த்தோம். ஓர் இலக்கமாவது படித்ததா, கடைசி எழுத்து வரை போனதா, 1-க்கும் 12-க்கும் இடையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். ‘எல்லா மாதமும்’ என்பதற்குத் தனி ஆப்ஷன் வந்தது. இந்தக் கடைசி மாற்றம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். பிழை வந்தால் கிடைக்கக்கூடிய மதிப்புக்கு ஓர் அர்த்தம் கொடுத்து வைக்கவே கூடாது.

அதற்கு ஏடுஐ ஃபங்ஷனே போதுமே?

போதாது. ஏடுஐ என்பது எழுத்தை எண்ணாக்கும் இன்னொரு எளிய சி ஃபங்ஷன், அது 08-ஐ எட்டு என்று சரியாகவே படிக்கும். ஆனால் ‘ஆகஸ்ட்’ என்று எழுத்தில் கொடுத்தாலும் சத்தமில்லாமல் 0 தரும், பிழை என்று சொல்ல அதற்கு வழியே இல்லை. ஒருவர் தமிழ் இலக்கத்தில் ‘௮’ என்று கொடுத்தார். பைதான் மொழியின் இன்ட் ஃபங்ஷன் அதை எட்டு என்று படித்துவிடும், சி படிக்காது. இப்போது தெளிவாக மறுத்து, என்ன வேண்டும் என்று சொல்கிறோம்.

குன்னூர், உதகை, கூடலூர் எல்லாம் வருகிறது, கோத்தகிரியும் கொடைக்கானலும் மட்டும் ‘அப்படி ஃபோல்டர் இல்லை’ என்கிறது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் அது நீங்கள் தட்டிய கோத்தகிரி இல்லை.

‘கோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் போடுவது ஒன்று. க, இரட்டைக் கொம்பு, கால் என்று கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாகப் போடுவது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லாமல் ஒன்றுபோலவே தெரியும். டிஸ்க்கில் அப்படி இல்லை: யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், ஆகவே முதல் கோத்தகிரிக்கு 27 பைட், இரண்டாவதுக்கு 30. லினக்ஸைப் பொறுத்தவரை கோப்புப் பெயர் என்பது பைட் வரிசைதான், அதனால் இவை இரண்டு வேறு வேறு பெயர்கள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோத்தகிரி ஃபோல்டர் கூட வைத்துக்கொள்ளலாம். மேக்கில் முன்பு இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். எங்களில் ஒருவர் அப்படிப்பட்ட பழைய மேக்கில் ஃபோல்டர்களை உருவாக்கிக் கொண்டுவந்தார். நாம் கீபோர்டில் தட்டுவது பொதுவாகச் சேர்ந்த வடிவம். குன்னூரில் வரும் ‘கு’, ‘னூ’, உதகையில் வரும் ‘கை’ எல்லாம் பிரியாத குறிகள், அதனால் அந்த ஊர்களுக்குப் பிரச்சினை வரவே இல்லை. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வருகிற பெயர்கள்தான் மாட்டிக்கொண்டன. தொட்டபெட்டா மாட்டியது, கேத்தி தப்பியது.

சந்தேகம் வந்தால் ஃபோல்டர் பெயரை, பைட்களை எண்களாகக் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளை வழியாக விட்டுப் பாருங்கள், அரை நிமிட வேலை.

திருத்தும்போது எங்களுக்குள் பெரிய விவாதம் வந்தது. வருகிற ஆர்கியுமென்ட் எல்லாவற்றையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிட்டால் முடிந்ததே என்று ஒரு தம்பி சொன்னார். அப்படிச் செய்தால் பிரிந்த வடிவத்தில் நிஜமாகவே இருக்கும் ஃபோல்டரைத் திறக்கவே முடியாமல் போகும், நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிரலை ஓட்டும் ஷெல் அதன் பெயரைச் சரியாக எடுத்துக் கொடுத்தாலும் நாம் கெடுத்துவிடுவோம். எனவே முதலில் கொடுத்த பைட்களை அப்படியே வைத்துத் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் மட்டும் மேல் ஃபோல்டரைப் படித்து, இரண்டு பக்கத்தையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுகிறோம். ஒன்றே ஒன்று பொருந்தினால் அது. இரண்டு பொருந்தினால் நின்று கேட்கிறோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸின் எக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் வரம்பு, தமிழில் அது 85 குறியீடு. தோட்டம், டிவிஷன், எழுதியவர் என்று நீளமாகப் பெயர் வைத்தால் எளிதில் தாண்டிவிடும். பழைய பதிப்பு வரம்பு தாண்டினால் வெட்டியது, அதுவும் எழுத்தின் நடுவில். இப்போது வெட்டாமல் மறுக்கிறது.

என் லேப்டாப்பில் ஓடுகிறது, ராஸ்பெரி பையில் கொடுத்தால் அப்படியே நின்றுவிடுகிறது?

மழைக்காலத்தில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும், சின்ன பேட்டரியில் ஓடும் என்பதற்காகப் பலர் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி வைத்திருக்கிறார்கள். பழைய பதிப்பில் ஆப்ஷன்களைப் படிக்கும் கெட்ஆப்ட் ஃபங்ஷன் தரும் பதிலை ஒரு பைட் மட்டும் பிடிக்கும் ‘கேர்’ வகை மாறியில் வைத்திருந்தோம். ஆப்ஷன் தீர்ந்துவிட்டால் அது -1 தரும், அதுவரை சுற்ற வேண்டும். இன்டெல் வகை லினக்ஸில் கேர் மைனஸ் மதிப்பை ஏற்கும். ராஸ்பெரி பையில் இருப்பது போன்ற ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸில் கேர் பொதுவாக மைனஸ் ஏற்காது, அங்கே -1 என்பது 255 ஆகிவிடும், 255 ஒருநாளும் -1 ஆகாது, சுற்று முடியவே முடியாது. மாறியை ‘இன்ட்’ என்று மாற்றினோம், ஒரு வார்த்தைத் திருத்தம். ஜிசிசி கம்பைலரில் கேரை மைனஸ் இல்லாததாக ஆக்கும் ஆப்ஷன் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு லேப்டாப்பிலேயே சோதிக்கலாம், பை கையில் இருக்க வேண்டியதில்லை.

தலைகுந்தாவில் எடுத்த உறைபனிப் படத்தைச் சேர்த்ததும் ‘தெரியாத ஆப்ஷன் 2’ என்கிறதே?

அந்தப் படத்தின் பெயர் ‘-2 டிகிரி உறைபனி’. நட்சத்திரக் குறி போட்டு எல்லாக் கோப்பையும் கொடுக்கும்போது, ஷெல்தான் அதைப் பெயர்களாக விரித்துக் கொடுக்கிறது. நிரலுக்கு வந்து சேர்வது வெறும் பெயர்ப் பட்டியல், அதில் எது நீங்கள் தட்டியது, எது ஷெல் விரித்தது என்று அதற்குத் தெரியாது. ஹைஃபனில் தொடங்கியதால் ஆப்ஷன் என்று நினைத்துவிட்டது. லினக்ஸில் வரும் குனு கெட்ஆப்ட் ஆப்ஷன்களைக் கோப்புப் பெயர்களுக்குப் பின்னாலும் தேடும், ஆகவே அந்தப் பெயர் பட்டியலின் கடைசியில் இருந்தாலும் இதே கதைதான்.

நீங்கள் செய்யவேண்டியது: பெயர்களுக்கு முன் வெறும் ‘--’ போடுங்கள், அதற்குப் பின் வருவது எதுவும் ஆப்ஷன் இல்லை என்பது யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்தின் மரபு. அல்லது ‘./’ சேர்த்துக் கொடுங்கள், அது எல்லாக் கருவியிலும் வேலை செய்யும்.

நாங்கள் செய்யவேண்டியதும் இருந்தது. கெட்ஆப்ட் ‘--’ குறியை மதிக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் நாங்களே எழுதிய ஒரு சுற்று, எங்காவது ‘--அழி’ இருக்கிறதா என்று முழுப் பட்டியலையும் துழாவிக்கொண்டிருந்தது. ‘--’ குறிக்குப் பின்னால் ‘--அழி’ என்ற பெயரில் ஒரு கோப்பு வந்தால் போச்சு. அந்தச் சுற்றையே தூக்கிவிட்டோம். கூடவே இருந்த ஷெல் ஸ்கிரிப்ட்டில் ஆர்கியுமென்ட்களைக் கடத்த டாலர் நட்சத்திரம் ($*) இருந்தது, அதை மேற்கோளுக்குள் டாலர் அட் ("$@") என்று மாற்றியதும் பெயரில் இடைவெளி இருந்தால் உடைகிற புகார்களும் நின்றன.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டளையை அப்படியே ஒட்டினேன், ‘—மாதம்’ என்ற கோப்பு இல்லை என்கிறது?

போன் கீபோர்டு இரண்டு ஹைஃபனைச் சேர்த்து ஒரு நீளக் கோடாக மாற்றிவிட்டது. அது ஹைஃபன் இல்லாததால் நிரல் அதைக் கோப்புப் பெயர் என்று எடுத்துக்கொண்டது. மேற்கோள் குறிகளும் இப்படி வளைந்துபோகும், ஷெல்லுக்கு வளைந்த குறி சாதாரண எழுத்துதான். இப்போது நீளக் கோட்டில் தொடங்கும் ஆர்கியுமென்ட் வந்து, அப்படி ஒரு கோப்பும் இல்லையென்றால், ‘இது ஹைஃபன் இல்லை, நீங்களே டைப் செய்யுங்கள்’ என்று சொல்லி நிற்கிறது. தானாக ஹைஃபனாக மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பலர் கேட்டார்கள். மாட்டோம். அழிக்கும் ஆப்ஷன் உள்ள கருவி ஊகிக்கக் கூடாது.

ஆப்ஷன்களின் வரிசையை மாற்றினால் வேறு வேலை செய்கிறதே?

பழைய பதிப்பில் அப்படித்தான். ஒவ்வோர் ஆப்ஷனையும் படித்த கையோடு அதன் வேலையையும் செய்தது. ‘--அழி’ முன்னால் வந்தால், பின்னால் வரும் ‘--மாதம்’ படிக்கப்படும் முன்பே அழிப்பு தொடங்கிவிடும். இன்னும் மோசம், கடைசி ஆப்ஷனில் எழுத்துப்பிழை இருந்தால் பாதி வேலை முடிந்தபின்தான் பிழை காட்டும்.

இப்போது மூன்று கட்டமாகப் பிரித்திருக்கிறோம். முதலில் எல்லாவற்றையும் படித்து ஓர் அமைப்பில் போட்டுக்கொள்வது, அப்புறம் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது, அதற்குப் பிறகுதான் டிஸ்க்கைத் தொடுவது. முதல் இரண்டு கட்டத்தில் எழுதுவது, அழிப்பது எதுவும் நடக்காது. ‘--பார்’ என்று கொடுத்தால் மூன்றாம் கட்டத்தில் என்ன நடக்கும் என்று அச்சிட்டுவிட்டு நின்றுவிடும். புதிதாக யாராவது நிரலில் ஆப்ஷன் சேர்த்து, படிக்கும் இடத்திலேயே வேலையையும் செய்ய எழுதி அனுப்பினால், எவ்வளவு நல்ல யோசனையாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறேன்.

‘--அழி’ என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவாகிவிட்டது. எப்படி?

ஸ்கிரிப்ட்டில் ‘--இலக்கு’ ஆப்ஷனுக்குப் பின் ஒரு ஷெல் மாறியை மேற்கோள் இல்லாமல் கொடுத்திருப்பீர்கள், அந்த மாறி காலியாக இருந்திருக்கும். மேற்கோள் இல்லாத காலி மாறி சுவடே இல்லாமல் மறைந்துவிடும். மதிப்பு கட்டாயம் என்றுள்ள ஆப்ஷன் அடுத்து எது வந்தாலும் அதையே மதிப்பாக எடுத்துக்கொள்ளும், அடுத்து வந்தது ‘--அழி’. இப்போது இலக்கு ஹைஃபனில் தொடங்கினால் மறுக்கிறோம், நிஜமாகவே அப்படிப் பெயர் வேண்டுமென்றால் ‘./’ போட்டுக் கொடுக்கலாம்.

மேற்கோளுக்குள் கொடுத்திருந்தால் காலி எழுத்துத்தொடர் வந்து சேரும், அது வேறு ஆபத்து. காலிப் பாதையோடு ‘/2019’ என்று ஒட்டினால் டிஸ்க்கின் வேரிலேயே போய் நிற்கும். இதே இடத்துக்கு இன்னொரு வழியாகவும் போய்ச் சேர்ந்தோம்: பாதையின் கடைசியில் உள்ள சாய்கோடுகளை நீக்கும் நாலு வரி ஃபங்ஷன் ஒன்று இருந்தது, அதற்கு வெறும் ‘/’ கொடுத்தால் அதையும் நீக்கிக் காலியாக்கித் தந்தது. முதல் எழுத்தைத் தொடாதே என்று ஒரு நிபந்தனை சேர்த்ததோடு சரியாயிற்று. உங்கள் ஸ்கிரிப்ட்களின் தலையில் ‘செட் -யு’ போட்டுக்கொள்ளுங்கள், வைக்கவே மறந்த மாறியாக இருந்தால் ஷெல்லே அங்கே நிறுத்திவிடும்.

‘--மா’ என்று சுருக்கிக் கொடுத்தது போன பதிப்பு வரை வேலை செய்தது, இப்போது ஏன் இல்லை?

நீள ஆப்ஷன் பெயர்களைப் படிக்கும் கெட்ஆப்ட் லாங் ஒரே ஓர் ஆப்ஷனுக்குப் பொருந்துகிற சுருக்கத்தை ஏற்றுக்கொள்ளும். நாங்கள் ‘--மானி’ என்று புது ஆப்ஷன் சேர்த்ததும் ‘--மா’ இரண்டுக்கும் பொருந்தியது, பலருடைய ஸ்கிரிப்ட் நின்றது. அதைவிடப் பயமாக இருந்தது ‘--அ’ என்றாலே ‘--அழி’ என்று எடுத்துக்கொண்டதுதான். இதை அணைக்க கெட்ஆப்ட் லாங்கில் வசதி இல்லை, முழுப் பெயர் இல்லையென்றால் மறுக்கும் சோதனையை நாமே எழுதினோம். பைதானில் எழுதுகிறவர்களுக்கு, ஆப்ஷன் படிக்க அதிலுள்ள ஆர்க்பார்ஸில் பைதான் 3.5 பதிப்பிலிருந்து அணைக்கும் வசதி உண்டு.

ஓரெழுத்து ஆப்ஷன்களையும் தமிழில் வைக்கலாமே?

கெட்ஆப்ட் ஓரெழுத்து ஆப்ஷனை ஒரு பைட்டாகப் பார்க்கிறது. ‘-அ’ என்பது அதற்கு மூன்று தெரியாத ஆப்ஷன், மூன்று பிழைச் செய்தி. நீளப் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறோம், அது நன்றாக வேலை செய்கிறது.

பைதானில் திரும்ப எழுதினால் இந்தத் தொல்லை எல்லாம் போய்விடாதா?

சில போகும், வேறு சில வரும். ஒரு தம்பி எழுதிப் பார்த்தார். ஆர்க்பார்ஸில் ‘--அழி’ ஆப்ஷனுக்கு வகை பூல் (ஆம் அல்லது இல்லை) என்று கொடுத்தார். பயனர் ‘--அழி ஃபால்ஸ்’ என்று கொடுத்தால், பூல் அந்த வார்த்தையின் அர்த்தத்தைப் பார்க்காது, காலியில்லாத எழுத்துத்தொடர் என்றாலே ட்ரூ, அதாவது ஆம். வேண்டாம் என்று சொன்னவருக்கு அழிந்துவிடும். மதிப்பு இல்லாமல் பெயர் மட்டும் கொடுக்கும் கொடி வகை ஆப்ஷனுக்கு ஸ்டோர் ட்ரூ போடுங்கள், ஆம் இல்லை இரண்டும் வேண்டுமென்றால் 3.9 பதிப்பில் அதற்கென்றே ஒரு வகை வந்திருக்கிறது.

திருத்த உதவ நினைக்கிறேன், எங்கிருந்து தொடங்குவது?

நிரலைத் திறப்பதற்கு முன், வந்து சேர்ந்த ஆர்கியுமென்ட்களை ஒவ்வொன்றாக, அடைப்புக்குறிக்குள், வரிக்கு ஒன்றாக அச்சிட்டுப் பாருங்கள். பாதிப் புகார்களில் தப்பு ஷெல்லுக்கும் நமக்கும் நடுவில் எங்கோ நடந்திருக்கும், அது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் அதே பிழையைக் காட்டும் சோதனையை முதலில் எழுதுங்கள், அது தோற்பதைப் பார்த்தபின் திருத்துங்கள்.

சோதனை ஃபோல்டரில் இப்போது ‘-2 டிகிரி உறைபனி’, இரண்டு கோத்தகிரி, பெயருக்குள்ளேயே புதுவரி வரும் ஒரு கோப்பு, வெறும் ஹைஃபன் என்ற பெயரில் ஒன்று எல்லாம் இருக்கின்றன. 01 முதல் 12 வரை ஒவ்வொரு மாதமும் ஓடுகிறது. தப்பான பயன்பாட்டுக்கு, நிரல் முடியும்போது ஷெல்லுக்குச் சொல்லும் வெளியேறும் எண் 2, செய்தி பிழை ஓடையில் (stderr). பயனர் உதவிக் குறிப்பைக் கேட்டால் எண் 0, செய்தி சாதாரண ஓடையில் (stdout). இதை மாற்றாதீர்கள், மற்றவர்களுடைய ஸ்கிரிப்ட்கள் இதை நம்பியிருக்கின்றன.

இன்னும் திருத்தாமல் இருப்பது, கோப்புப் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து படிக்கும் ‘--பட்டியல்’. விண்டோஸில் தயாரித்த பட்டியலில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கேரியேஜ் ரிட்டர்ன் ஒட்டிக்கொண்டு வருகிறது, பெயரின் பகுதி என்று நினைத்து ‘கோப்பு இல்லை’ என்கிறது. அதை நீக்கினால் நிஜமாகவே அப்படி முடியும் பெயர் கெடும். வரிக்குப் பதில் நல் பைட்டால் (மதிப்பு 0 உள்ள பைட்) பிரித்த பட்டியலையும் ஏற்கச் செய்ய வேண்டும், ஃபைண்ட் கட்டளையின் பிரின்ட்0 தருவதுபோல. யாராவது எடுத்துச் செய்தால் சொல்லுங்கள், ஒரே வேலையை இரண்டு பேர் செய்ய வேண்டாம்.